அப்பாவின் மூன்று எழுத்து

போட்டி ரத்தாகிவிட்டது என்று அக்கா சொன்னபோது அவள் அப்படியே நம்பினாள். அகராதி அச்சிடும் அந்த நிறுவனத்தின் மெய்ப்புத் திருத்தும் அறையில் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அக்காதான். கூடப்பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசைக்காரி, வயதில் மூத்தவள். "நீ எனக்குத் தங்கச்சி மாதிரிடி" என்று வாய் ஓயாமல் சொல்லுவாள். அதிலிருந்த 'மாதிரி'யைத்தான் அவள் கவனிக்கத் தவறிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் இருவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஜன்னலுக்குக் கீழே கார்கள் நிற்கும். ஏதாவது ஒரு வண்டியின் நம்பரில் இருக்கும் மூன்று ஆங்கில எழுத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்றும் அதே வரிசையில் வருகிற நீளமான ஆங்கில வார்த்தையைச் சொல்ல வேண்டும். நடுவில் வேறு எழுத்து எத்தனை வந்தாலும் சரி. யார் வார்த்தை நீளமோ அவளே ராணி.

பி, எல், டி என்று வண்டி வந்து நிற்கும். அக்கா விட்டத்தைப் பார்த்து யோசித்து "காம்ப்ளிகேட்டட்" என்பாள். அவள் வாயில் இருப்பதை மென்றுகொண்டே "ரெஸ்பான்ஸிபிலிட்டி" என்பாள்.

"எப்படிடி இது?"

"வாலைப் பிடிக்கணும்க்கா. கடைசி எழுத்து என்னன்னு பாருங்க. 'என்'னா 'ஷன்' போடுங்க. 'டி'ன்னா 'மென்ட்', இல்லேன்னா 'இட்டி'. வால் கெடச்சிட்டா தலை தானா வந்து ஒட்டிக்கும்."

அன்றிலிருந்து அறை முழுக்க அவளுக்கு 'வாலு' என்றே பெயர். வைத்தது அக்கா.

வால் வித்தை அவளுடையது. விளையாட்டு அப்பாவுடையது. அதையும் அவள் அக்காவிடம் ஒளிக்கவில்லை. அப்பா சரக்கு லாரி ஓட்டுபவர். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது எழுத்துகள் மட்டும்தான். அதுவும் முன்னால் போகும் வண்டிகளின் முதுகில் படித்தது. பள்ளி விடுமுறையில் அவளைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, "ஆர், எஃப், டி! பெரிய வார்த்தையா ஒண்ணு எடுத்து விடு பாப்பா" என்பார். அவள் ரெஃப்ரிஜிரேட்டர் என்று எழுத்துக்கூட்டினால் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டித் தட்டி எண்ணுவார். அர்த்தம் கேட்க மாட்டார். நீளமாக இருந்தால் ஹாரன் அடிப்பார். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் ஆங்கிலத்துக்குள் நுழைந்த வழி அதுதான்.

இதே விளையாட்டுக்குத் தொலைக்காட்சியில் ஜோடிப் போட்டி என்று அறிவிப்பு வந்ததும் அக்கா குதித்தாள். "நீயும் நானும் போறோம். பேர் குடுக்கறது என் வேலை. வார்த்தை உன் வேலை." அவள் அப்பாவிடம் சொன்னாள். அப்பா லாரிகள் நிற்கும் இடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பயிற்சியிலேயே மதியச் சாப்பாடெல்லாம் ஆறிப்போனது. அப்புறம் ஒருநாள் அக்கா உதட்டைப் பிதுக்கினாள். "ரத்தாம்டி. விளம்பரம் கெடைக்கலையாம்." தொங்கிப்போன அப்பாவின் முகத்தை அவள்தான் சமாதானம் சொல்லி நிமிர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ரிமோட்டைத் தட்டிக்கொண்டே போன அப்பா சட்டென்று நிறுத்தினார்.

"பாப்பா, இது நம்ம வீட்டுக்கு வந்தாங்களே, உங்க ஆபீஸ் அக்கா?"

அக்காதான். பக்கத்தில் அவளுடைய தங்கை. மாதிரி இல்லை, அசல்.

திரையில் ஆர், எஃப், என். "ட்ரான்ஸ்ஃபார்மேஷன்" என்றாள் அவள் இங்கிருந்தே, தன்னை அறியாமல்.

"நம்ம தெரு முனைல கம்பத்துல இருக்கே, அதுவா?"

"அதுக்குச் சொந்தம்ப்பா. இருங்க."

"வாலைப் பிடி, வாலைப் பிடி" என்று அக்கா தங்கையிடம் கிசுகிசுத்தது மைக்கில் விழுந்தது. கடைசி நொடியில் அதே வார்த்தையைக் கத்தினார்கள். கைதட்டல். இந்த வித்தையை எங்கே கற்றீர்கள் என்று தொகுப்பாளர் கேட்டார்.

அக்கா குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டாள். "எங்கப்பா சொல்லிக்குடுத்தது. வண்டி ஓட்டும்போது முன்னாடி போற நம்பரைப் படிப்பார். பெரிய வார்த்தை சொன்னா ஹாரன் அடிப்பார்."

அக்காவின் அப்பா கல்லூரி முதல்வர். பின் சீட்டைத் தவிர வேறெதிலும் உட்கார்ந்ததில்லை என்று அக்காவே பீற்றிக்கொண்டிருக்கிறாள்.

"அட, அவங்கப்பாவும் நம்மளாட்டமா?" என்றார் அப்பா.

"இல்லப்பா. அது நீங்க. உங்களைத் தூக்கித் தன் அப்பான்னு வச்சுக்கிட்டா."

அப்பா திரையையே பார்த்தார். அவர் முகத்தில் வந்தது கோபமில்லை, சிரிப்பு.

"அப்ப நான் டிவில வந்துட்டேனா?"

"அப்பா!"

"விடு பாப்பா. ஹாரனைக்கூட விட்டுடாம சொல்லிச்சே அந்தப் பொண்ணு."

அவளுக்கு எரிந்தது. பறிகொடுத்தவரே பறித்தவளுக்குக் கைதட்டினால், தான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

மறுநாள் அறையில் கேக் வெட்டினார்கள். அக்கா ஒரு துண்டைக் கொண்டுவந்து அவள் மேசையில் வைத்தாள்.

"கோவிச்சுக்காத வாலு. மேடையில சரளமாப் பேசணும்னாங்க. உனக்கு இங்கிலீஷ் எழுதத்தான் வரும், பேசினா திக்கும். நாலு பேர் முன்னாடி நீ அவமானப்படக் கூடாதேன்னுதான்..."

"அதுக்கு ரத்துன்னு பொய்யா?"

"உன் மனசு நோகுமேன்னு."

"சரிக்கா. என் எடத்தை எடுத்துக்கிட்டீங்க. எங்கப்பாவை எதுக்கு எடுத்தீங்க?"

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். "மெதுவாடி. ஏதோ பேச்சு வாக்குல வந்துடுச்சு. அவருக்கு என்ன கொறஞ்சு போச்சு இப்ப?"

ஒன்றும் குறையவில்லைதான். அவரே சிரித்துவிட்டாரே. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அதை விடு," அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அடுத்த சுற்று சனிக்கிழமை. தங்கச்சிக்கு வேகம் பத்தல. மத்தியானம் பழையபடி உக்காருவோமா? அதோ பார், வெள்ளைக் கார். எம், ஆர், டி. சட்டுனு சொல்லு, என்ன வரும்?"

கேட்டு முடிப்பதற்குள் வார்த்தை வந்துவிட்டது. வாலும் தலையுமாக நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். கேக்கை அக்கா பக்கமே தள்ளினாள்.

"உங்கப்பாதானே சொல்லிக்குடுத்தார்?" அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "போய் அவரையே கேளுங்க."