சாவா மூவாப் பசு

படப்பை சாலையை அகலப்படுத்த வீராசாமியின் மாட்டுப் பண்ணையை எடுக்கப்போகிறோம் என்று 2006-இல் நோட்டீஸ் வந்தது. மனிதர் அசரவில்லை. அவரிடம் ஒரு கல் இருந்ததே!

தொழுவ வாசலில் மாடுகள் மிதித்து ஏறும் பலகைக்கல் அது. சோழர் காலத்தில் இங்கே ஒரு மடம் இருந்தது, அதற்குப் பால் கொடுத்த கதை அந்தக் கல்லில் எழுதியிருக்கிறது என்று அவருடைய அப்பா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவர். எழுத்து கீழ்ப்பக்கம் இருப்பதாகத்தான் வீராசாமியின் நினைப்பு. எழுத்தை யாராவது மிதிக்க விடுவார்களா? அப்பா சொன்ன பால் கதையை மதித்து, தினமும் முதல் கறவையில் ஒரு கை பாலைக் கல்லின் மேல் தெளித்துவிட்டுத்தான் அடுத்த மாட்டிடம் போவார்.

கல்வெட்டு படிக்கிற அதிகாரி ஹேமநாத்தை அலையாய் அலைந்து கூட்டிவந்தார். "எழுத்து தெளிவா இருந்தா, ரோட்டைக் கொஞ்சம் ஒதுக்கிப் போடச் சொல்லி எழுதறேன்" என்றார் அவர்.

நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். அடியில் மண்ணும் மண்புழுவும்தான். வீராசாமி தேங்காய் நார் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். மொழுமொழுவென்று வெறுங்கல்.

ஹேமநாத் மேல்பக்கத்தைக் கழுவச் சொன்னார். சாணி கரைந்ததும் கல் முழுக்க உளிக்குழிகள் தெரிந்தன.

"இதை யாருங்க கொத்துனது?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைநாளில், நிறைசினையாக இருந்த செவலைப் பசு இந்தக் கல்லில்தான் வழுக்கி விழுந்தது. வயிற்றுக் கன்றும் போய், மூன்றாம் நாள் அதுவும் போயிற்று. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவர் போல அழுத வீராசாமி, மறுவாரமே கல்லைச் சொரசொரப்பாக்க அம்மி கொத்துகிறவனைக் கூட்டிவந்தார். "கோடு கோடா இன்னாமோ கீதுண்ணா" என்று அவன் சொன்னபோது, "குளம்பு கீறினதுடா, நீ நல்லா கொத்து" என்று பக்கத்திலேயே நின்றார்.

"நான்தான் சார். பாவி, நானே அழிச்சுட்டேன்."

உளி படாத ஓரத்தை ஹேமநாத் விரலால் தடவிப் படித்தார். "சாவா மூவா... இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு."

"அப்டின்னா இன்னா சார்?" என்றாள் வீராசாமியின் மனைவி சரளா.

"மடத்துக்குக் கொடுத்த பசுவை அப்படித்தான் எழுதுவாங்கம்மா. ஒண்ணு செத்தா அதோட கன்னு அந்த இடத்துக்கு வந்துடும். அதனால அதுக்குச் சாவும் இல்ல, மூப்பும் இல்ல." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ரெண்டு வார்த்தையை வெச்சு ரோட்டை நிறுத்த முடியாதுங்க."

கன்றோடு போன செவலையை நினைத்து வீராசாமி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கல்லைப் பழையபடி போட்டுவிட்டு எல்லோரும் போனார்கள்.

அடுத்த வாரம் மாடுகளை விற்றாயிற்று. லாரி வந்த காலையில் நல்ல மழை. ஒவ்வொன்றாகக் கல்லை மிதித்து வெளியே வந்தன. வீராசாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம்புகளையே பார்த்தபடி நின்றார்.

ஒன்றுகூட வழுக்கவில்லை.