நீளச் சுவர்

ஐந்தேகாலுக்கு மின்சாரம் திரும்பியது. அதுவரை நஷ்வாவும் அவள் அம்மா இன்ஸாஃபும் கடையின் இருட்டில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து, விற்பனையாளன் தாமெர் பக்கத்துக் கடையிலிருந்து வரவழைத்த புதினா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடையில் எகிப்தின் தன்தா நகரம் முழுக்க தினமும் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனது. எந்தத் தெருவில் எப்போது போகும் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தும் அம்மா நாலு மணிக்கே கிளம்ப வேண்டும் என்றாள். அணைந்திருந்த முப்பது திரைகளிலும் பருத்த வயதான பெண் ஒருத்தியும் மெலிந்த பெண் ஒருத்தியும் டீ குடித்தார்கள். பெரிய திரையிலும் சின்னத் திரையிலும் அவர்கள் ஒரே அளவாகத்தான் இருந்தார்கள்.

பிறகு எல்லாத் திரைகளிலும் மீன்கள் வந்தன.

“மணப்பெண்ணுக்கா ஹாஜிம்மா?” என்றான் தாமெர். “நிக்காஹ் பத்திரத்தைக் காட்டினா ஒரு மிக்ஸி சும்மா தர்றோம்.”

நஷ்வா டீக் கோப்பைக்குள் பார்த்தாள். எந்த மின்சாமான் கடைக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். அம்மாவிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது: இன்ஷா அல்லாஹ், சீக்கிரமே, நீங்களும் துஆ செய்யுங்க. பதினைந்து வருடங்களாக அந்தப் பதிலோடு வாங்கிய துண்டுகளும் பாத்திரங்களும் இஸ்திரிப் பெட்டிகளும் இரண்டு கட்டில்களுக்கு அடியிலும் பிரிக்கப்படாமல் இருந்தன. போன மாதம் அம்மா அதிலிருந்து ஒரு துண்டை உருவிக் குளிக்கப் போனாள். நஷ்வா பார்த்தாள்.

“இல்லப்பா, எங்க ரெண்டு பேருக்குத்தான்,” என்றாள் அம்மா. “நான் இன்னும் ஹஜ்ஜுக்கும் போகல. நீ அதுக்குள்ள பட்டம் குடுத்துட்ட.”

“போயிட்டு வந்துடுவீங்க.”

“மிக்ஸி மணப்பெண்ணுக்கு மட்டும்தானா? புருஷன் போனவ வீட்டுல எதையும் அரைக்க மாட்டாளா?”

தாமெர் சிரித்தான். இளைஞன். சட்டைப் பையில் மூன்று பேனாக்கள் வைத்திருந்தான். நஷ்வாவின் பக்கம் திரும்பி, “டாக்டரம்மாவுக்கு எந்த அளவு வேணும்?” என்றான்.

அவள் டாக்டர் இல்லை. பல் டாக்டர்களுக்குப் பொய்ப் பற்கள் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை செய்தாள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பல் திரும்பி வந்துவிடும். அதனால் காலையிலேயே வீட்டில் அவர்கள் புழங்கும் உள்கூடத்தை அளந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவே நூற்றிரண்டு சென்டிமீட்டர். பழைய தொலைக்காட்சி அங்கேதான் நின்றது. நடுவில் ஒரு பச்சைக் கோடு விழுந்து, செய்தி வாசிப்பவர்கள் எல்லோரும் இரண்டு பாதியாக வாசித்தார்கள்.

“நாற்பத்திமூணு இஞ்ச். அதுக்கு மேல எங்க சுவர் தாங்காது.”

“அது,” என்றாள் அம்மா. கைத்தடியால் கடையின் கோடியில் இருந்த ஒன்றைக் காட்டினாள்.

“அது அறுபத்தஞ்சு அம்மா.”

“அதைத்தான் கேக்குறேன். ஆனா மீன் வாங்க நான் இங்க வரல. ஒரு மனுஷ மூஞ்சியைக் காட்டச் சொல்லு.”

தாமெர் சேனலை மாற்றினான். ஒரு சமையல்காரி கோசா சுரைக்காய்க்குள் நிரப்புவதற்காக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா எழுந்து கிட்டே போனாள். பிறகு நான்கு அடி பின்னால் வந்தாள். வெங்காயத் தோலின் கோடுகள் வரை தெரிந்தன. சமையல்காரியின் முகப்பூச்சு, கழுத்தில் எங்கே முடிந்தது என்பதும் தெரிந்தது.

“இவளை நான் நாப்பது வயசுன்னு நெனச்சிட்டிருந்தேன்,” என்றாள் அம்மா. “என்னை விட ரெண்டு வயசுதான் கம்மி. பாவி, இத்தனை நாள் ஏமாத்தியிருக்கா.”

“எந்த ரூம்ல மாட்டப் போறீங்க?” என்றான் தாமெர். “பத்தடியாவது தள்ளி உட்காரணும். இல்லன்னா கழுத்து வலிக்கும்.”

“விருந்தறையில. நீளச் சுவர்ல.”

நஷ்வா டீக் கோப்பையைத் தரையில் வைத்தாள்.

விருந்தறை வீட்டின் மிகப் பெரிய அறை. சாவி அம்மாவின் தலையணைக்கு அடியில் இருக்கும். தம்யாத் ஊரில் செய்வித்த தங்கமுலாம் பூசிய நாற்காலிகள், சரவிளக்கு, காலணியோடு யாரும் மிதிக்காத தரைவிரிப்பு. நஷ்வாவுக்கு இருபத்துநான்கு வயதானபோது அப்பா அந்த அறையை அலங்கரித்தார், பெண் பார்க்க வருகிறவர்களுக்காக. நீளச் சுவரை ஒட்டிய பெரிய சோஃபா மாப்பிள்ளைக்கும் அவன் அம்மாவுக்கும். கதவோரத்து ஒற்றை நாற்காலி அம்மாவுக்கு. நஷ்வா தட்டோடு வந்து, குனிந்து, சர்பத் கொடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார வேண்டும். இதுவரை ஒன்பது பேர் வந்தார்கள். முதலாமவனின் அம்மா சரவிளக்கின் பல்புகளை எண்ணினாள். நான்காமவன் குவைத்திலிருந்து விடுமுறைக்கு வந்தவன். நஷ்வாவின் சம்பளம் இனி ஏறுமா என்று கேட்டான். ஏழாமவன் நல்லவன். ஒரு மணி நேரமும் தரைவிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போகும்போது கதவருகில் நின்று அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டான். ஒவ்வொருவருக்குப் பிறகும் அம்மா மிச்சமான கேக்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, நசீபு இல்லை, எழுதி வைக்கவில்லை என்பாள். மறுநாள் நாற்காலிகளுக்கு மறுபடி பிளாஸ்டிக் உறை போட்டு அறையைப் பூட்டுவார்கள். அப்பா இறந்த பிறகும் அது நிற்கவில்லை.

பத்தாமவர் வரும் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. நீர்ப்பாசனத் துறையில் வேலை. மனைவி இல்லை, மூன்று பிள்ளைகள். இரண்டாம் மாடி சுஹைர் கொண்டுவந்த சம்பந்தம். அம்மா சொன்னபோது நஷ்வா வழக்கம்போலச் சரி என்றாள். முப்பத்தொன்பது வயதில் அந்தச் சொல் தானாக வந்தது. அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியாது என்றில்லை. அம்மாவின் பதினைந்து வருடமும் அந்த அறையில்தான் இருந்தது. அதை எப்படி ஒரேயடியாகப் பூட்டச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“எப்ப கொண்டுவரட்டும்?” என்றான் தாமெர், மூன்று பேனாக்களில் ஒன்றை எடுத்தபடி. “வியாழன் காலையில முடியும். இல்ல வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்கு அப்புறம்.”

“வெள்ளிக்கிழமை,” என்றாள் அம்மா.

“அம்மா.”

“அஸருக்கு அப்புறம். எழுதிக்கோ.”

தாமெர் எழுதினான். மிக்ஸி தரவில்லை. சுவரில் மாட்டும் இரும்புச் சட்டத்தை மட்டும் சும்மா தந்தான்.

டுக்டுக் ஆட்டோவில் திரும்பும்போது நஷ்வா கேட்க நினைத்தாள். ஓட்டுநர் பாட்டை அலறவிட்டிருந்தார். பின்னிருக்கையின் தகரம் அதிர்ந்தது. அம்மா கைத்தடியை முழங்கால்களுக்கு நடுவே நட்டு, சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமையை மறந்துவிட்டாளா? அம்மா எதையும் மறக்கிறவள் இல்லை. போன ரமலானில் யார் எத்தனை கத்தாயெஃப் பலகாரம் சாப்பிட்டார்கள் என்று இப்போதும் சொல்வாள். அல்லது வருகிறவர் முன்னால் பெரிய திரை இருக்கட்டும், வீட்டுக்கு ஒரு மதிப்பு என்று நினைக்கிறாளா? அதுதான் இருக்கும் என்று நஷ்வா தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவர்கள் வீடு நான்காம் மாடியில். அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாம் மாடிக்கு வந்தபோது கைத்தடிச் சத்தம் கேட்டு சுஹைர் கதவைத் திறந்தாள். கையில் உரித்த பூண்டு.

“என்ன இன்ஸாஃப், வெறுங்கையோட வர்றீங்க? டிவி வாங்கலயா?”

“வாங்கியாச்சு. வெள்ளிக்கிழமை வருது.”

“நல்லதாப் போச்சு. ரெண்டும் ஒரே நாள். கேக்குக்கு நான் சொல்லிடட்டா? போன தடவ வாங்கின கடை வேண்டாம், கிரீம் புளிச்சுப்போச்சு.”

“விருந்தறையில மாட்டுறோம் சுஹைர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் அங்க ஆளுங்க சுவரைத் துளைச்சிட்டு இருப்பாங்க.”

சுஹைர் பூண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். “விருந்தறையிலயா? அங்க யாராச்சும் டிவி வைப்பாங்களா? வர்றவங்க உன் பொண்ணைப் பார்ப்பாங்களா, சீரியல் பார்ப்பாங்களா?” அம்மா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். “சரி விடு. சனிக்கிழமை வரச் சொல்றேன்.”

அம்மா தலையைத் திருப்பி, இரண்டு படி கீழே நின்றிருந்த நஷ்வாவைப் பார்த்தாள். “சனிக்கிழமையாம்,” என்றாள்.

படிக்கட்டு விளக்கு தானாக அணைந்தது. சுஹைர் கையை நீட்டி மறுபடி போட்டாள். நஷ்வாவுக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது.

“வேண்டாம் அத்தை,” என்றாள் நஷ்வா.

“சனிக்கிழமை வேலையா?”

“வேலை இல்ல. சனிக்கிழமையும் வேண்டாம், வேற நாளும் வேண்டாம். இனிமே யாரும் வர வேண்டாம்.”

சுஹைர் அம்மாவைப் பார்த்தாள், அவள் திருத்துவாள் என்று. அம்மா கைத்தடியின் ரப்பர் முனையைத் தரையில் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த மனுஷன் சட்டை தைக்கக் குடுத்திருக்கார்,” என்றாள் சுஹைர். “வெள்ளை, கோடு போட்டது. நான்தான் கோடு போட்டது எடுங்கன்னு சொன்னேன். இப்ப அவருகிட்ட என்ன சொல்றது?”

“பொண்ணு வேண்டாங்குதுன்னு சொல்லு,” என்றாள் அம்மா. “அவர் மேல குத்தம் இல்லன்னும் சொல்லு.”

“நீ எதுவும் சொல்ல மாட்டியா இன்ஸாஃப்?”

“சொல்லிட்டேனே. என் முட்டி எரியுது, நாங்க மேல போறோம்.”

சுஹைர் கதவைப் பாதி சாத்தினாள். பிறகு, “பெரிசா வாங்கியிருக்கீங்களா?” என்றாள்.

“உன் கட்டில் அகலம்.”

“ரமலானுக்கு நான் உங்க வீட்டுலதான் இருப்பேன்,” என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் அம்மா நெடுநேரம் நின்றாள். நஷ்வா அவளுக்குப் பின்னால் நின்றாள். திடீரென்று பசித்தது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக, ரொட்டியும் வறுத்த கத்திரிக்காயும் வேண்டும் என்று தெளிவாகப் பசித்தது.

“கடையிலயே நீ சண்டைக்கு வருவேன்னு பார்த்தேன்,” என்றாள் அம்மா. “வரல.”

“நீ அவரை டிவி முன்னால உட்கார வைக்கப் போறேன்னு நெனச்சேன்.”

“இவ்வளவு நாள் ஏன் சொல்லல?”

“நீ ஆசையா பண்ணிட்டிருந்த.”

“ஆசையா? ஒவ்வொரு தடவையும் ரெண்டு நாள் சரவிளக்கு துடைக்கணும். வந்தவங்களைப் பார்த்துச் சிரிச்சுச் சிரிச்சு என் தாடை கழண்டு போச்சு. உனக்குப் பிடிக்குதுன்னு நான் நெனச்சேன்டி.”

“தட்டு தூக்கறதா?”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. மூச்சும் வந்துகொண்டிருந்ததால் இரண்டும் சிக்கிக்கொண்டு இருமலானது. நஷ்வா முதுகைத் தட்டினாள். மூன்றாம் மாடியில் யாரோ கதவுத் துளைக்குப் பின்னால் வந்து நின்றார்கள். இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு மீதிப் படிகளை ஏறினார்கள்.

வீட்டுக்குள் வந்ததும் அம்மா காலணியைக்கூடக் கழற்றவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து விருந்தறையைத் திறந்தாள். மூடிக் கிடந்த துணியும் மெழுகும் கலந்த வாசனை வந்தது. நஷ்வா ஜன்னல்களைத் திறந்தாள். தெருச் சத்தம் உள்ளே வந்தது. தர்பூசணி வண்டிக்காரன், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடும் ஒரு பெண். அம்மா உறைகளை ஒவ்வொன்றாக உரித்துத் தரையில் போட்டாள். பிளாஸ்டிக் பழசாகி மஞ்சளாகியிருந்தது. மடித்து வைக்கலாமா என்று நஷ்வா கேட்டாள். குப்பைக்காரனுக்குக் கொடு என்றாள் அம்மா.

சோஃபாவை நீளச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோக வேண்டும். நஷ்வா ஒரு பக்கம் தூக்கினாள், அம்மா மறுபக்கம் இடுப்பால் தள்ளினாள். ஒரு கையகலம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. தரைவிரிப்பு சுருண்டு காலில் சிக்கியது. நடுவில் இரண்டு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள், சோஃபாவில் அல்ல, தரையில். கடைசியில் அது எதிர்ச் சுவரில் இடித்து நின்றபோது தங்கமுலாம் கொஞ்சம் உதிர்ந்தது. அம்மா அதைக் காலால் தள்ளிவிட்டாள். நஷ்வா அளவு நாடாவால் வெறுமையான சுவரை அளந்தாள். நான்கு மீட்டர் பன்னிரண்டு. திரை நடுவில் வந்தால் இரண்டு பக்கமும் தாராளமாக இடம் இருந்தது.

“நடுவுல ஒரு கோடு போடு, அவங்க துளைக்கும்போது தெரியட்டும்,” என்றாள் அம்மா.

நஷ்வா பென்சிலைத் தேடி எடுத்துக் கோடு போட்டாள். பின்னால் மரம் முனகியது. திரும்பிப் பார்த்தாள். அம்மா சோஃபாவின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, வீங்கிய கால்களை எதிரில் இருந்த குட்டி மேசையில் நீட்டியிருந்தாள். வாங்கிய நாளிலிருந்து அவள் அதைத் துடைத்திருக்கிறாள், உறை மாற்றியிருக்கிறாள். அதில் உட்கார்ந்து நஷ்வா பார்த்ததில்லை. அம்மா ஒருபக்கம் சாய்ந்தாள். மறுபக்கம் சாய்ந்தாள். உள்ளங்கையால் இருக்கையை அழுத்திப் பார்த்தாள். சரிகைத் துணிக்கு அடியில் வெறும் பலகைதான் இருந்தது.

“ஏண்டி,” என்றாள். “இதுலயா அவங்களையெல்லாம் அவ்வளவு நேரம் உட்கார வெச்சோம்?”