காயாத கோட்டு

அந்தக் கட்டடத்தில் கேபிள்காரனுக்கு ‘மொத்தம்’ என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்திருப்பார்கள். அதை அவனே மறந்துவிட்டதாகக் கேள்வி. எந்தச் சேனலைத் தனியாகக் கேட்டாலும், “தனியா வராதுங்க, மொத்தமா எடுத்துக்கோங்க” என்பான். செய்தி மட்டும் போதும் என்ற இரண்டாம் மாடிக் கிழவருக்குச் சமையலையும் மல்யுத்தத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டுப் போனான். கிழவர் வேறு வழியில்லாமல் மல்யுத்தம் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் மாத்திரை கொடுக்க வந்த மருமகனைக் கழுத்தில் பிடித்துத் தரையோடு அமுக்கிவிட்டார். மருமகன் இன்றைக்கும் மாத்திரையை வாசலில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்.

நான்காம் மாடி டெய்லரம்மாவுக்கு அவன் மேல் தனியாகப் பகை எதுவும் இல்லை. அவளுடைய மகளுக்கு வேறு ஊரில் ஒரு சின்னச் சேனலில் வானிலை வாசிக்கும் வேலை கிடைத்தது. அதிலிருந்துதான் பிடித்தது வினை. முதல் நாள் போட்டுக்கொள்ள நீலக் கோட்டு ஒன்று தைத்து அனுப்பியிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் மகள் அதைப் போட்டுக்கொண்டு, நாளை மழையா வெயிலா என்று ஊருக்கெல்லாம் சொல்லப் போகிறாள். பெற்றவள் அதைப் பார்க்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

“அந்தச் சேனலா?” என்றான் மொத்தம், வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு. “அது தங்கப் பேக்கேஜுக்குப் போயிடுச்சு டெய்லரம்மா.”

“போன மாசம் வரைக்கும் சும்மாதானே வந்துச்சு?”

“அப்போ அதை யாரும் பார்க்கலை. இப்போ நீங்க பார்க்கணும்ங்கறீங்களே.”

டெய்லரம்மா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள். வாயில் குண்டூசி இருக்கும் வரைக்கும் அவள் நல்லவள் என்று அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

“பெத்தவ நான். என் பொண்ணு மூஞ்சியைப் பார்க்க உனக்கு நான் வாடகை கட்டணுமா?”

“மூஞ்சி மட்டும் தனியா வராதுங்க. மொத்தமா எடுத்துக்கிட்டா…”

அவள் துணி வெட்டும் கத்தரியை எடுத்தாள். அந்தக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினாலே வீட்டில் கலவரம் நடக்கும். அதே கத்தரியால் ஜன்னல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்த கேபிள் ஒயரை நறுக்கென்று வெட்டி, துண்டை அவன் கையில் கொடுத்தாள்.

“இந்தா, உன்னோடது. மொத்தமா எடுத்துக்கிட்டுக் கிளம்பு.”

மகள் போனில் சமாதானம் சொன்னாள். “எதுக்கும்மா அவரோட சண்டை? நான் போன்லயே வீடியோ அனுப்புறேன்.”

“போன்ல நீ தீப்பெட்டிப் படம் மாதிரி இருப்பே. ஊரு உலகமெல்லாம் பெருசா பார்க்கும், நான் மட்டும் தீப்பெட்டியைப் பார்க்கணுமா? நீ ஒழுங்கா மழையைப் பத்திப் படி. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள அவளிடம் ஒரு தம்பி இருந்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் பழுது பார்த்த லிஃப்டில் ஏறியவர்கள் நினைத்த மாடிக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. ஆனால் போய்ச் சேர்ந்த மாடியில் இரண்டு பேருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது.

“அக்கா, அந்தச் சேனல் இன்னும் வானத்துல சும்மாதான் வருது. நம்ம தலைக்கு மேலேதான் ராத்திரி பகலா போய்க்கிட்டு இருக்கு. பிடிக்கத்தான் ஆள் இல்லை” என்றவன், துணி மாட்டும் கம்பிகளை வளைத்து ஓர் ஆன்டெனா செய்து மொட்டை மாடியில் நட்டான். மத்தியானத்துக்குள் அது தெருவில் கிடந்தது. மொத்தத்தின் மாமனார்தான் கட்டடத்தின் சொந்தக்காரர். மாடிக் கதவில் அவர் மாட்டிய பலகையில் கொட்டை எழுத்தில் இருந்தது: ‘துணி காயப்போடுவதைத் தவிர இங்கே வேறு எதுவும் செய்யக் கூடாது.’

டெய்லரம்மா பலகையைப் படித்தாள். இன்னொரு முறை படித்தாள். கீழே போய்த் தன் கம்பிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தலையும் கையும் இல்லாத, முழுக்க இரும்புக் கம்பியால் ஆன அளவுப் பொம்மை அது. திருகினால் பருக்கும், இளைக்கும். அதை மாடி நடுவில் நிறுத்தி ஒரு சட்டையை மாட்டினாள்.

“என்னக்கா இது?”

“துணி காயப்போடறேன். ஒயரைக் கீழ்ப்பக்கம் கட்டு. வெளியே தெரியக் கூடாது.”

தம்பி கட்டினான். டிவியில் படம் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. அவன் மண்டையைக் குடைந்துகொண்டு திருகாணியையெல்லாம் திருகிப் பார்த்தான். விஷயம் அப்புறம்தான் பிடிபட்டது: மாட்டியிருந்தது அரைக்கைச் சட்டை. முழுக்கைச் சட்டை மாட்டியதும் முழுப் படம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பொம்மையின் குணத்தை அவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டார்கள். கழுத்துப் பொத்தான் வரை பூட்டினால் செய்தி வரும். மேல் பொத்தானைக் கழற்றினால் பாட்டு. கால்சட்டை மாட்டினால் பந்தாட்டம். மழைக்கோட்டு மாட்டினால் செய்தி வாசிப்பவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொள்ளும். இதை அந்தக் கட்டடத்தில் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. கேபிளுக்குப் பணம் கட்டிய காலத்தில் இதைவிட விசித்திரமானதையெல்லாம் பார்த்தவர்கள்.

ஆளாளுக்கு ஓர் ஒயரைக் கொண்டுவந்து பொம்மையின் காலில் கட்டிக்கொண்டார்கள். சாயங்காலமானால் டெய்லரம்மா வீட்டு வாசலில் கூட்டம்.

“எங்க வீட்டுக்காரர் பந்தாட்டம் பார்க்கணுமாம். கொஞ்ச நேரம் கால்சட்டை மாட்டுங்களேன்.”

“நேத்துதானே மாட்டினேன்? இன்னைக்கு மூணாம் மாடிக்காரங்களுக்குப் பாட்டு. போய் உங்க வீட்டுக்காரரை முதல்ல அவரோட கால்சட்டையைத் தேடி மாட்டச் சொல்லுங்க, பால்கனியில நின்னுக்கிட்டு இருக்கார்.”

மொத்தத்தின் செட்டாப் பாக்ஸ்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. கிழவர் மட்டும் தன்னுடையதை வைத்துக்கொண்டார். அது சூடாக இருக்கும், பூனை அதன் மேல் படுத்துப் பழகிவிட்டது.

ஆனால் மகளின் சேனல் எந்தத் துணிக்கும் மசியவில்லை. பட்டு, பருத்தி, கம்பளி எல்லாம் மாட்டிப் பார்த்தாயிற்று. வெள்ளிக்கிழமை டெய்லரம்மா மகளின் அளவுக்குப் பொம்மையைத் திருகினாள். அலமாரிக்குள்ளிருந்து ஒரு நீலக் கோட்டை எடுத்தாள். மகளுக்காக முதலில் தைத்தது அதுதான்; இடது கை கோணலாகிவிட்டதால் ஒதுக்கிவிட்டு, அதே துணியில் வேறொன்று தைத்து அனுப்பியிருந்தாள். அந்தக் கோணல் கோட்டை மாட்டியதும் மகளின் சேனல் கண்ணாடி போல வந்து நின்றது.

“இதுக்குப் பின்னால பெரிய விஞ்ஞானம் இருக்குக்கா” என்று தம்பி ஆரம்பித்தான்.

“இருக்கட்டும். நீ கையை எடு.”

சனிக்கிழமை சாயங்காலம், வானிலைக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, மொத்தம் கையில் கட்டிங் பிளேயரோடு மாடி ஏறி வந்தான். பொம்மை முன்னால் டெய்லரம்மா நின்றாள்.

“எடுங்க இதை.”

“துணி காயுது. போர்டைப் படிக்கலையா? உங்க மாமனார் எழுதினது.”

மொத்தம் கோட்டின் கையைப் பிடித்து, டாக்டர் நாடி பார்ப்பதுபோலத் தடவிப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

“இது காய்ஞ்சுபோச்சே டெய்லரம்மா. காய்ஞ்ச துணியை இங்கே வைக்கலாம்னு போர்டுல இல்லையே.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தாள். குழாயடியில் இருந்த வாளியை நிரப்பி எடுத்துவந்து, பொம்மையின் கழுத்தில் தலைகீழாகக் கவிழ்த்தாள். மொத்தத்தின் செருப்பு நனைந்தது.

“இப்போ ஈரம்.”

“சரி” என்றான் மொத்தம். தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தான். “காயட்டும். எனக்கு வேற வேலை என்ன இருக்கு? இருந்த வேலையைத்தான் நீங்க முடிச்சுட்டீங்களே.”

மேற்கு வெயில் நெருப்பாக அடித்தது. அவள் கீழே போய் மகளைப் பார்த்தால், இவன் இங்கே ஒயரை அறுத்துவிடுவான். இங்கே காவல் நின்றால் மகளைப் பார்க்க முடியாது. தம்பியை நிறுத்திவிட்டுப் போகலாம் என்றால், அவன் மொத்தத்திடம் பேச்சுக் கொடுத்து, பேச்சு வாக்கில் அவனுக்கே பிளேயர் பிடித்துக் கொடுப்பான். அவனுடைய குணம் அது.

கீழே டிவியில் வானிலைக்கு முந்தைய விளம்பரப் பாட்டு ஆரம்பித்துவிட்டது. மாடி வரைக்கும் கேட்டது.

“டேய், டிவியை மேலே கொண்டு வா.”

“மேலேயா? எப்படிக்கா?”

“நான் அங்கே வரமுடியாதுன்னா அது இங்கே வரட்டும். ஓடு!”

லிஃப்டை யாரும் நம்பவில்லை. மூன்றாம் மாடிக்காரர்கள் டிவியைத் தூக்கினார்கள். பால்கனிக்காரர் ஒரு வழியாகக் கால்சட்டையோடு வந்து மேசையைச் சுமந்தார். கிழவர் கரண்ட் ஒயரைத் தோளில் சுற்றிக்கொண்டு ஏறினார். வழியில் நின்ற மருமகன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். மொத்தம் எழுந்து, “இது என்ன அநியாயம்? டிவியை மாடிக்குக் கொண்டுவரக் கூடாது!” என்றான்.

“அதுவும் நனைஞ்சுடுச்சுப்பா. காயப்போடறோம்” என்றார் கிழவர். அவர் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நின்ற விதம் சரியில்லாமல் இருந்ததால், மொத்தம் திரும்பவும் உட்கார்ந்துகொண்டான்.

ஒயரைச் சொருகினார்கள். படம் வந்தது. ஈரத்தில் கோட்டின் நீலம் ஏறியிருந்ததாலோ என்னவோ, அவ்வளவு தெளிவான படத்தை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. மகள் வந்து நின்றாள். கோட்டு தோளில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. டெய்லரம்மா வாளியைக் கீழே வைக்காமல் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“நாளை வானம் தெளிவாக இருக்கும்” என்றாள் மகள். “மழைக்கு வாய்ப்பே இல்லை. வெயிலும் காற்றும் பலமாக இருக்கும். துணி காயப்போட ஏற்ற நாள்.”

மொத்தம் தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தான். “கேட்டீங்களா? உங்க பொண்ணே சொல்லிடுச்சு! நாளைக்கு எத்தனை பக்கெட் ஊத்தினாலும் நிமிஷத்துல காய்ஞ்சிடும். பார்க்கவேண்டியதைப் பார்த்துட்டீங்கல்ல? வாளியை வைங்க. பேசி ஒரு முடிவுக்கு வருவோம். உங்களுக்கு மட்டும் அந்தச் சேனலைத் தனியா, இலவசமாத் தர்றேன்.”

தனியா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு மாடியில் ஒருவர் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார்.

டெய்லரம்மா திரும்பினாள். “வானத்துல சும்மா போறதை எனக்கு இலவசமாத் தர்றதுக்கு நீ யாருப்பா? அவ நாளைக்கும் வாசிப்பா. நாளை மறுநாளும் வாசிப்பா. இங்கே இருக்கற ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பக்கெட் இருக்கு.”

யாரும் கூப்பிடாமலேயே மூன்றாம் மாடிக்காரி குழாயடியில் தன் வாளியை வைத்துத் திறந்துவிட்டாள். அடுத்தவர் தன்னுடையதை அதன் பின்னால் வைத்தார்.

“நாளைக்கு வரும்போது குடை எடுத்துட்டு வா” என்றாள் டெய்லரம்மா. “தெறிக்கும்.”