ஏழாம் உருண்டை

எங்கள் சான் எலாதியோ பல்கலைக்கழகத்தில் ரோமானியச் சட்டத்துக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பாடத்தை இருபத்திரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் ஒரு மர உருண்டையில் பொறித்து, தோல்பையில் போட்டு வைத்திருப்பார்கள். கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வந்த எண்ணைப் பற்றி மூன்று பேராசிரியர்கள் முன்னால் கால்மணி நேரம் பேச வேண்டும். ஆகவே நாங்கள் யாரும் ரோமானியச் சட்டம் படித்ததில்லை, உருண்டை படித்தோம்.

என் அறைத்தோழன் பெலிசாரியோ அகூன்யா அதிலும் ஒரே ஒரு உருண்டைதான் படித்தான். ஏழாம் எண், அண்டை நிலத்துக்காரர் உரிமைகள். 1911ஆம் வருடம் முழுக்க அவனுக்கு வேறு வேலைகள் இருந்தன. செப்டம்பரில் மாணவர் தின ஊர்வலத்தில் பேராசிரியர் அங்கி மாட்டிக்கொண்டு கழுதைமேல் ஊரைச் சுற்றி வந்தவன் அவன்தான். ஏற்கெனவே இரண்டு தடவை தேறவில்லை. மூன்றாவதும் போனால் பெயரை அடித்துவிடுவார்கள். கத்தாமார்க்காவில் கோவேறு கழுதை வியாபாரம் செய்யும் அவன் அப்பா, புதிதாக ஒரு சாட்டை வாங்கி வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார். கழுதைக்கா மகனுக்கா என்று கடிதத்தில் இல்லை.

நவம்பர் முழுவதும் அவன் ஏழாம் எண்ணை உரக்கப் படித்தான். சவரம் செய்யும்போதும் படித்தான், சூப் குடிக்கும்போதும் படித்தான். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பத்தொன்பதைப் படித்தேன். அது உயில்களைப் பற்றியது.

"டேய், பக்கத்து வீட்டு மரத்துப் பழம் உன் தோட்டத்துல விழுந்தா யாருக்குடா சொந்தம்?"

"எனக்குத்தான். என் எடத்துல கெடக்குதுல்ல?"

"மக்கு. மரத்துக்காரனுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் உள்ள வந்து பொறுக்கிக்குவான். நீ வழி விடணும்."

"நாய் இருந்தா?"

"நாயப் பத்தி ரோமாக்காரன் ஒண்ணும் சொல்லல."

"அது கெடக்கட்டும். ஏழுதான் வரும்னு என்னடா நிச்சயம்?"

அவன் குரலைத் தாழ்த்தினான். பைக்குப் பொறுப்பாளர் கல்லூரிச் சேவகர் தோன் இலாரியோன். மாத்தே இலைச்சாறு குடிக்க அவர் வெந்நீர் வைக்கும் கரியடுப்புக்குப் பக்கத்தில் ஏழாம் உருண்டையைக் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பைக்குள் போடுவார்.

"கைய விட்டா எது சுடுதோ அதான் ஏழு. ரெண்டு கட்டு சுருட்டு குடுத்தாச்சு. யார்ட்டயும் மூச்சு விடாத."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சட்டம் படிக்கிறவன் செய்கிற காரியமா என்று திட்டித் தீர்த்தேன். மறுநாள் காலை நானும் இரண்டு கட்டு சுருட்டோடு தோன் இலாரியோனைப் போய்ப் பார்த்தேன்.

"எத்தனாம் நம்பர் தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

எங்கள் பக்கம் டிசம்பர்தான் கோடை; தேர்வு கொளுத்தும் வெயிலில் நடந்தது. யார் வேண்டுமானாலும் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். குடும்பப் பெயர் வரிசைப்படி பெலிசாரியோதான் முதல் ஆள். பைக்குள் கையை விட்டவன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கை மட்டும் உள்ளே அலைந்தது.

"என்ன தம்பி, உள்ள கோழியா பிடிக்கிறீங்க?" என்றார் தலைமைப் பேராசிரியர் டாக்டர் ஒலிவா.

நான் பெஞ்சைப் பார்த்தேன். காத்திருந்த பதிமூன்று பேரும் ஒரே மாதிரி முகத்தோடு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் விளங்கியது. தோன் இலாரியோன் நாணயமான மனிதர்; சுருட்டு வாங்கிக்கொண்டு ஒருவரையும் ஏமாற்றவில்லை. அவர் சூடாக்காத உருண்டைகளும் மூடிய பைக்குள் சேர்க்கையால் சூடாகிவிட்டன.

பெலிசாரியோ எடுத்தது பத்தொன்பது. ரோமானியர்கள் சாவதற்கு முன்னால் உயில் எழுதினார்கள் என்றான். யோசித்துவிட்டு, சிலர் எழுதவில்லை என்றான். மிச்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதோடு அவன் படிப்பு முடிந்தது.

என் முறை வந்தபோது உருண்டைகள் ஆறியிருந்தன. கையில் அகப்பட்டதை எடுத்தேன். ஏழு.

புத்தகத்தில் அந்தப் பக்கத்தை நான் பிரித்ததே இல்லை. வாயைத் திறந்தேன். எல்லாம் வந்தது. வேலி வந்தது, வாய்க்கால் வந்தது, பழம் வந்தது. அவன் சோப்பு நுரையைத் துடைக்க நிறுத்தும் இடத்தில் நானும் நிறுத்தினேன். பின்பெஞ்சில் பெலிசாரியோவின் உதடுகள் என்னோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை.

"பாடத்த ரசிச்சுப் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான்" என்று டாக்டர் ஒலிவா பத்துக்குப் பத்து போட்டார்.

மறுநாள் ரயிலடியில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"வாய்க்கால்ல ஒரு வரிய விட்டுட்டடா" என்றான். வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "டேய், வீட்ல நாய் மட்டும் வளக்காத!"

இருபது வருடமாக வக்கீல் தொழில் செய்கிறேன். இரண்டு முறை திருடன் வந்துபோய்விட்டான். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். இன்றுவரை நான் நாய் வளர்க்கவில்லை. பெலிசாரியோதான் பழம் பொறுக்க இன்னும் வரவில்லை.