ஈரத்தில் மிதந்த படகின் நான்கு விற்பனைகள்

முதல் முறை விற்ற பதினோராம் நாள், பன்னிரண்டு டன் எடையுள்ள அந்த இரும்புப் பாய்மரப் படகு திரும்பி வந்து, வாசலில் கழுவிவிட்ட தரையின் ஈரத்தில் மிதந்துகொண்டு நின்றது. காலை ஏழரை மணி. பக்கத்து வீட்டுத் தபால்பெட்டி சற்றுச் சாய்ந்திருந்ததைத் தவிர வேறு சேதமில்லை. அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படகை ஒருமுறை சுற்றி வந்தாள். மண் பரிசோதனைக்கூடத்தில் பதினேழு வருடம் வேலை பார்த்தவள் என்பதால், முன்பே எடை போட்டுக் குறித்துவைத்த வடிதாள் ஒன்றை அதன் அடியில் செருகி ஈரத்தை ஒற்றியெடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, வேலைக்குப் போனதும் மறுபடி எடை போட்டாள். கணக்குப்படி தண்ணீரின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. 'நம்ம படகு மிதக்க ஆழமே வேண்டாம், ஈரம் இருந்தாப் போதும்' என்று கணவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அவர் சொன்னதில் உண்மையாகிப்போன ஒரே வாக்கியம் அது. அதுவும் விற்ற பிறகு.

ஊர் அவரைக் கேப்டன் என்று கூப்பிட்டது. கேலிக்கு வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு வெள்ளைத் தொப்பி ஒன்றும் வாங்கிக்கொண்டார். படகை மட்டும் குறை சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்த தகரக் கொட்டகையில் அவரே வெட்டி, வளைத்து, பற்றவைத்துக் கட்டியது. அடியில் ஆறு மில்லிமீட்டர் தகடு, பக்கங்களில் நான்கு. குளிர் உள்ளே வராமலிருக்கச் சுவர் முழுக்க உள்ளங்கைக் கனத்துக்கு நுரைப்பஞ்சு. ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகாதபடி நான்கு இரும்புக் கதவுகள். அடியில் நடுவே கீழே நீட்டியிருக்கும் கனத்த தகட்டைக் கைப்பிடி சுற்றி மேலே இழுத்துக்கொண்டால் முழங்கால் ஆழத் தண்ணீரில் போகலாம், மணல்திட்டில் ஏற்றி நிமிர்த்தி நிறுத்தலாம். பனிப்பாறைகளுக்கு நடுவே, வரைபடத்தில் ஆழம் குறிக்கப்படாத கரைகளுக்குப் போவதற்கென்றே செய்தது. போனது என்னவோ துறைமுக வாயிலில் இருக்கும் சிவப்பு மிதவை வரைக்கும்தான். பன்னிரண்டு வருடத்தில் நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறைவதாகக் கேப்டன் திரும்பிவிட்டார். முதலில் உபரி பம்பு. பிறகு இரண்டாவது அடுப்பு. பிறகு மூன்றாவது நங்கூரம். கடைசியில், எவ்வளவு குளிருகிறது என்று தெரிந்துகொண்டே குளிரில் நடுங்குவதற்காக ஒரு தெர்மாமீட்டர். எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் ஒரு பட்டியலாக எழுதி வைத்திருந்தார். அவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் ஒரு வரி கடிதம் எழுதியதில்லை. பட்டியல் இருநூற்றுப் பதினான்காவது எண்ணைத் தொட்டிருந்தது.

அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வந்தது. கடலிலிருந்து ஒரு நாள் முழுக்க ரயிலில் போகவேண்டிய வறண்ட ஊர் ஒன்றில், பரிசோதனைக்கூடத்துக்கே தலைமைப் பொறுப்பு. மூன்று மாதத்துக்குள் சேராவிட்டால் உத்தரவு ரத்து, வரிசையில் அடுத்து இருந்தவன் அவளைவிட எட்டு வருடம் இளையவன். படகு இருவர் பெயரிலும் பதிவாகியிருந்தது. அவள் ஊரைவிட்டுப் போனால் படகுக்கு யார் பொறுப்பு என்று துறைமுக அலுவலகம் கேட்டது. கணவர் இருக்கிறாரே என்றாள். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஆக, விற்றாக வேண்டும்.

"என்னங்க, போறதா இருந்தா போங்க. இல்லேன்னா விப்போம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"அடுத்த சீசன்ல காத்து நமக்குச் சாதகமா…"

"அந்த சீசன் எந்தக் காலண்டர்ல வருது?"

தரகரை அவளே பிடித்தாள். உலகின் எந்தக் கரைக்கும் தயார், தனிப்பட்ட காரணங்களுக்காக விற்பனைக்கு என்று அவர் விளம்பரம் எழுதினார். என்ன தனிப்பட்ட காரணம் என்று கேட்டாள். "எல்லாருக்கும் அதேதான் மேடம் போடுறது. பயம்னா எழுத முடியும்?" என்றார். பரிசோதகர் ஒருவர் வந்து சின்னச் சுத்தியலால் நானூறு இடத்தில் தட்டிப் பார்த்து, தகட்டில் ஒரு குறையும் இல்லை என்று சான்று கொடுத்தார். குறை இருந்த இடத்தில் அவர் தட்டவில்லை. அது மேல்தட்டில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தது.

முதலில் வாங்கியவர் பல் டாக்டர். தென்துருவம் போகப்போகிறேன் என்றார். படகு வாங்குவதற்கு முன்பே துருவத்துக்கான ஜாக்கெட்டை வாங்கிவிட்டார், அந்த வெயிலில் அதைப் போட்டுக்கொண்டுதான் கையெழுத்திட வந்தார். பிறகு படகைத் துறையிலேயே கட்டிவைத்து, மேல்தட்டில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, கரையில் நடப்பவர்களுக்குக் கையசைத்தார். பதினோராம் நாள் அதிகாலை துறையின் படிக்கட்டைக் கழுவினார்கள். படகு அந்த ஈரத்தில் ஏறி, கடைவீதியைக் கழுவிய ஈரத்தில் தொடர்ந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

இரண்டாவதாக ஒரு தம்பதி. காலையில் கண் விழித்ததிலிருந்து கைபேசியிடம் பேசுகிறவர்கள். எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கடலோடு வாழப்போகிறோம் என்று முகம் தெரியாத ஆயிரக்கணக்கான பேரிடம் சொன்னார்கள். மூன்று வாரம் அந்த உதறலையே விதவிதமான கோணத்தில் படம் பிடித்தார்கள். ஒரு மழை நாளில் படகு அவர்களைத் தூக்கத்தோடு சுமந்துகொண்டு வந்து வாசலில் நின்றது. அந்தப் பெண் தலையை நீட்டி, "இது எந்தத் தீவு?" என்று கேட்டாள். இவள் வாசலில் கிடந்த பால் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். மூன்றாமவர் ஓட்டல் முதலாளி. அவரிடம் பொய் கிடையாது. படகைத் தோட்டத்தில் கான்கிரீட் போட்டு நட்டு, மேலே நான்கு மேசை போடப்போவதாக நேராகவே சொன்னார். போட்டார். தோட்டக்காரர் புல்லுக்குத் தண்ணீர் விட்ட மறுநாள், கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு நான்கு மேசை, பதினாறு நாற்காலி, ஒரு முள்கரண்டியுடன் படகு வந்துவிட்டது. முந்தின இருவரைப் போலவே பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, மேசைகளை அவர் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார்.

துறைமுக அலுவலகத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. பதிவேட்டில், மிதக்கத் தேவையான ஆழம் என்ற இடத்தில் அறுபது சென்டிமீட்டர் என்பதை அடித்துவிட்டு ஈரம் என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டார்கள். நகராட்சி, தெருவில் மிதப்பது வாகனமா கலமா என்று முடிவாகும்வரை சிவப்புக் கொடி கட்டச் சொன்னது. கேப்டனுக்கோ தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு தடவை படகு திரும்பும்போதும், பார்த்தாயா, என்னை விட்டு அதால் இருக்க முடியாது என்று மெழுகுத்துணியோடு ஓடினார். அவளுக்கு வேலையில் சேர இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

அந்த வாரம் கேப்டன் தங்கை வீட்டுக்குப் போனார். மனசு சரியில்லை என்றார். மனசு சரியில்லாதபோது அவருக்குத் தங்கை கையால் சாப்பிட வேண்டும். மூன்றாம் நாள் அவளுக்குப் போன் வந்தது.

"அண்ணி, உங்க கப்பல் எங்க போர்ட்டிகோவுல வந்து நிக்குது. கார் எடுக்க முடியலை. வந்து கூட்டிட்டுப் போங்க."

"எதை? படகையா, உங்க அண்ணனையா?"

"ரெண்டையும்தான்!"

போனை வைத்தபிறகுதான் அவளுக்குப் புரிந்தது. படகு வீட்டைத் தேடி வரவில்லை. பன்னிரண்டு வருடமாகத் தன் வயிற்றுக்குள் படுத்துக்கொண்டு போகலாம், போகலாம் என்று சொன்ன ஆளைத் தேடி வருகிறது. இரும்பு அதை நம்பிவிட்டது. அவளும் ஒரு காலத்தில் நம்பினாள், ஆனால் அவள் ஏழாம் வருடமே விட்டுவிட்டாள். முதல் தடவையாக அந்தப் படகின்மேல் அவளுக்கு மரியாதை வந்தது.

நான்காவதாக வந்தவள் துறைமுகத்தின் இழுவைப் படகில் இருபது வருடம் இருந்த மெக்கானிக். மெத்தைகளைப் பார்க்கவில்லை, தொப்பியையும் பார்க்கவில்லை. டார்ச்சோடு அடித்தளத்துக்குள் இறங்கி, ஒரு மணி நேரம் கழித்து முட்டியெல்லாம் கிரீஸாக ஏறி வந்தாள். விற்கிறவள் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கே விட்டாலும் அவரைத் தேடி வந்துவிடும் என்பதையும். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"அவருக்குச் சமைக்க வருமா?"

"முட்டை வேக வைப்பார்."

"கடல்ல வாந்தி எடுப்பாரா?"

"தெரியாது. அவ்வளவு தூரம் போனதில்லை."

மெக்கானிக் டார்ச்சை அணைத்தாள். "சரி, பட்டியல்ல போட்டுருங்க."

படகு வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. பட்டியலிலும் எழுதியிருந்து, ஒப்படைக்கும் நாளில் படகிலும் இருந்தால் அது வாங்குகிறவருக்குச் சேரும். எழுதாதது சேராது. கேப்டனின் கையெழுத்துப் பட்டியலைத் தரகர் ஒவ்வொரு தடவையும் தட்டச்சு செய்துதான் கொண்டு வருவார். கேப்டன் அதைப் படிப்பதில்லை. தன் எழுத்தைத் தானே சரிபார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தார். நான்காவது தடவையும் ஏழு பக்கத்திலும் வளைத்து வளைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவை மூடித் தரகரிடமே கொடுத்தார். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது.

ஒப்படைத்தது காலை பத்து மணிக்கு. மெக்கானிக் மேல்தட்டில் நின்று ஒவ்வொன்றாக வாசித்தாள். கேப்டன் அதைத் தொட்டுக் காட்டினார். நங்கூரம், மூன்று. இருக்கு. உபரி பம்பு, ஒன்று. இருக்கு. கம்பளிச் சட்டை, ஆறு. இருக்கு, இருக்கு. ஒரு மணி நேரத்துக்குமேல் போயிற்று. குரலில் பெருமிதம் ஏறிக்கொண்டே போனது. குளிரளக்கும் தெர்மாமீட்டர், ஒன்று. இருக்கு.

"இருநூத்திப் பதினஞ்சு. கணவர், ஒன்று. அதிகம் பயன்படுத்தாதது. உள்ளது உள்ளபடி."

"இருக்கு," என்றார் கேப்டன்.

மெக்கானிக் டிக் போட்டாள். என்ன சொன்னோம் என்று கேப்டனுக்கு உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. உறைத்ததும் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு, இது செல்லாது என்று கத்தினார். தரகர் காகிதத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கையெழுத்து உங்களுதுதானே கேப்டன்? பட்டியல்லயும் இருக்கு, படகுலயும் இருக்கு. நான் என்ன பண்றது?"

அவர் கரையில் நின்ற அவள் பக்கம் திரும்பினார். "நான் இன்னும் தயாராகலையே."

"பன்னெண்டு வருஷமா வேற என்னங்க பண்ணிட்டிருந்தீங்க?"

"என் மாத்திரை…"

"நூத்தி நாப்பத்தி ரெண்டு. ரெண்டு வருஷத்துக்கு இருக்கு. நீங்க எழுதினதுதான்."

அவருடைய சாக்குகள் தீர்ந்துவிட்டன. முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் அவளிடம் மறைக்காமல் காட்டிய முதல் சமாசாரம் அது. அதற்காக அவள் கயிற்றை அவிழ்க்க ஒரு நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். முடிச்சும் தப்பாகத்தான் போட்டிருந்தார். அவிழ்த்ததும் படகு பெருமூச்சு விட்டாற்போல் தண்ணீரில் இறங்கி, நீர்மட்டத்துக்கென்று விலாவில் வரைந்திருந்த நீலக்கோடு வரைக்கும் அமிழ்ந்து, கனமாக நின்றது. அத்தனை வருடத்தில் அது அந்தக் கோட்டைத் தொட்டதே இல்லை. துறைமுக வாயிலில் எழுத்தர் படகில் எத்தனை பேர் என்று ஒலிபெருக்கியில் கேட்டார். "ஒருத்தி," என்று மெக்கானிக் கத்தியது கரைவரைக்கும் கேட்டது. "மத்ததெல்லாம் பட்டியல்ல இருக்கு சார்!" சிவப்பு மிதவையை அது நிற்காமல் தாண்டியது.

உத்தரவு காலாவதியாக நான்கு நாள் இருக்கும்போது அவள் வறண்ட ஊரில் போய்ச் சேர்ந்தாள். முதல் வருடம் பழைய தராசுகளை மாற்றினாள். இரண்டாம் வருடம் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்றாம் வருடம், எட்டு வருடம் இளையவன் அவளுக்குக் கீழே வேலைக்கு வந்து, ஈரப்பதக் கணக்கில் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போட்டு அவளிடம் பேச்சு வாங்கினான். நாத்தனார் மட்டும் எப்போதாவது போன் செய்து, அண்ணனிடமிருந்து தகவல் உண்டா என்று கேட்பாள். இல்லை என்பாள். தகவல் அனுப்பும் பழக்கம் அவருக்கு என்றைக்கு இருந்தது.

ஆறாம் வருடம் அந்த ஊரில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மூன்றாம் நாள் மத்தியானம் தெருமுனையில் பாய்மரம் தெரிந்தது. படகு மெதுவாக வந்தது. முன்பக்கத் தகடு முழுக்கப் பனி உரசிப் பெயிண்ட் போய், அடுப்படிச் சட்டி போல் அடிவாங்கியிருந்தது. மெக்கானிக் சுக்கானில் இருந்தாள். முன்னால் தாடி வைத்த ஒல்லியான ஆள் ஒருவர் நீளமான கழியால் மின்கம்பிகளை ஒதுக்கிக்கொண்டே வந்தார். தொப்பியைக் காணோம். இரண்டு விரலையும் காணோம். எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து, "என்னம்மா இது, தெருவுக்குள்ள!" என்றார். "போற வழியா இருக்கும்," என்றாள் அவள்.

"யாரும்மா அங்க, வண்டிய ஓரங்கட்டுங்க! தெரு காயறதுக்குள்ள போகணும்!" என்று முன்னால் நின்றவர் அதட்டினார். அப்புறம்தான் யாரென்று பார்த்தார். கழியை எடுத்தால் கம்பி விழும் என்பதால் கையசைக்கவில்லை. அவளும் அசைக்கவில்லை. தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்கிப் போய், ஸ்கூட்டரைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினாள். படகின் அகலத்தைக் கண்ணால் அளந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு அடி தள்ளினாள்.