யாராவது வந்தால் எடுக்கலாம்

அனந்த் ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்த அட்டைப்பெட்டியை இழுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி மாளவிகா கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூடத்துத் தரையில் அவன் அப்பா பட்டாபி கிடந்தார். விடியற்காலையில் உயிர் போயிருந்தது. பக்கத்தில் அவர் பெண்டாட்டி சீதாலக்ஷ்மி, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், சமையலறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா அது?" என்றாள் பட்டாபியின் அக்கா வாலாம்பாள்.

"காப்பி மெஷின், அத்தை. நாகர்கோவில்லேர்ந்து பெரியவாள்லாம் வந்திருக்கா. ஒரு வாய் காப்பி வேண்டாமா?"

"பிரேதம் கிடக்கற ஆத்துல அடுப்பு மூட்டப்படாது. அவன் போனதும் சாஸ்திரமும் போயிடுத்தோ?"

"அடுத்தாத்துல சொல்லலாம்னா அவா பூட்டிண்டு போயிட்டா. இது அடுப்பில்ல அத்தை, கரண்ட்."

"தீ தெரியுமோ?"

"தெரியாது."

"பாலு?"

"அதுலயே ஆவி வரும். காய்ச்சிடலாம்."

வாலாம்பாள் தம்பியின் முகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "அப்போ தோஷமில்ல. எனக்குக் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஆக்கும் வேணும், கேட்டியா?"

அனந்த் டெக்னோபார்க்கில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து, முதல் போனஸில் ஓணத்துக்கு வாங்கி வந்தது அந்த மெஷின். பட்டாபி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதன் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்தார். "எத்தனை வாட்டுனு பார்த்தியோ? இது காப்பி போடவா, ரயில் ஓட்டவா? யாராவது வந்தா எடுக்கலாம்" என்று பரணில் ஏற்றினார். யார் யாரோ வந்தார்கள். ஒருவரும் அவ்வளவு பெரியவராக இல்லை. ஃபில்டரில் நேற்றைய பொடியின் மேலேயே வெந்நீர் ஊற்றி, முதலில் இறங்கியது அவருக்கு, அப்புறம் இறங்கியது சீதாலக்ஷ்மிக்கு என்று காலம் ஓடியது.

ஒரு நாள், அவர் கோவிலுக்குப் போன நேரம், அவளே ஏறி இறக்கினாள். புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். நுரை ததும்ப டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகையில் வாசல் கதவு சத்தம். அவர் வந்து, குழந்தைக்கு ஜுரமா என்று பார்ப்பதுபோல் மெஷின்மேல் புறங்கையை வைத்தார். திட்டவில்லை. "ஆறினப்புறம் பெட்டியில வெச்சுடு" என்றார். அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார். "இதை என்னத்துக்குக் கொட்டணும்? சாயங்காலம் எனக்கு ஆகும்."

சாயங்காலம் குடிக்கவும் செய்தார். அவள் நாக்கில் அது படவே இல்லை.

இப்போது வீடு முழுக்க அந்த மணம். மெஷின் உறுமியது, மணம் ஊதுவத்திப் புகையையும் மீறிக்கொண்டு வந்தது.

"பேஷ்!" என்றார் நாகர்கோவில்காரர் ஒருவர். சட்டென்று சாவு ஞாபகம் வந்து குரலைத் தாழ்த்தினார். "பட்டாபி ஒரு காசைக் கரியாக்க மாட்டான். அவன் ஆத்துல இப்படி ஒரு காப்பியா!"

"அவன் வாயைக் கட்டினதுனாலதான் பிள்ளை இஞ்சினீயர் ஆனான்" என்றாள் வாலாம்பாள், நுரையைத் துடைத்துக்கொண்டே.

வாயைக் கட்டினது யார் என்று சீதாலக்ஷ்மி கேட்கவில்லை. மாளவிகா அவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். "கொஞ்சம் குடிங்கோம்மா. தலை சுத்தும்."

கை நீண்டுவிட்டது.

"அய்யோ, எடுக்கறதுக்கு முன்னாடி அவ குடிக்கப்படாது" என்று வாலாம்பாள் தடுத்தாள். "தொண்டையில இறங்குமோ அவளுக்கு? பாவம்."

"அப்போ இங்கே தா குழந்தே, வேஸ்ட் ஆக்க வேண்டாம்" என்று நாகர்கோவில்காரர் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் எடுத்தார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்தார்கள். ஆண்கள் திரும்பி வருவதற்குள் அடுப்பு மூட்டியாயிற்று. சீதாலக்ஷ்மி ஈரத் தலையோடு சமையலறைக்கு வந்தபோது அனந்த் மெஷினைத் துடைத்துப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தான்.

"பதிமூணு கழிஞ்சதும் ஃப்ளாட்டுக்குக் கொண்டுபோயிடறோம்மா. உனக்கு ஒருத்திக்கு இது எதுக்கு? கரண்டுதான் வேஸ்ட். ஃபில்டர் போறுமே."

குரல்கூட அவருடையதுதான்.

"அது இங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

அனந்த் நிமிர்ந்தான். காலையிலிருந்து கலங்காத கண் கலங்கியது. "அப்பா ஞாபகமாவா?"

"பின்னே? அவன் பொத்திப் பொத்தி வெச்ச சாமானாச்சே" என்று வாலாம்பாள் மூக்கை உறிஞ்சினாள். சமையலறை வாசற்படியில் உறவுக்காரர் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். மெஷின் அவளுக்கு. எப்பேர்ப்பட்ட பாசம் என்று நாகர்கோவில் வரைக்கும் சொல்லிக்கொண்டு போவார்கள்.

"இல்லடா" என்றாள். "காப்பி குடிக்க."

டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்த மாளவிகா குழாயை மூடினாள்.

"இன்னிக்கா, சீதா?" என்றாள் வாலாம்பாள்.

"இன்னிக்குத்தான், அக்கா."

அனந்த் அவள் முகத்தைப் பார்க்காமல் மெஷினை வெளியே எடுத்தான். ப்ளக்கைச் சொருகினான். பொடி போட்டான், பட்டனை அமுக்கினான். பாலும் விடவில்லை, சர்க்கரையும் போடவில்லை. டம்ளரை அவள் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனான்.

சர்க்கரை டப்பா கை எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை. ஒவ்வொருவராக வாசற்படியை விட்டு நகர்ந்தார்கள். சீதாலக்ஷ்மி நின்றபடியே, ஊதி ஊதி, கடைசி வாய் வரைக்கும் குடித்தாள்.