ஒன்பதாம் நம்பர் பஸ்ஸும் பதினொரு சித்திகளும்

அரசு செய்தித் துறையில், எங்கள் படப் பிரிவில் ஒரு சட்டம் உண்டு. படத்தைத் திரையில் போட்டுவிட்டு, எழுந்து, மூன்று அடி பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். அங்கிருந்து கூட்டமாகத் தெரிந்தால் அது கூட்டம். அவ்வளவுதான்.

சட்டம் போட்டவர் எங்கள் அதிகாரி. எதையும் பூசி மெழுகிவிடுவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மெழுகு சார். என் வேலை, தலைவர் எங்கே போனாலும் அங்கே கூட்டம் இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நிஜத்தில் அல்ல, படத்தில்.

முன்பெல்லாம் இந்த வேலைக்கு ஆளே தேவைப்பட்டிருக்காது. இப்போது தலைவர் பாடு திண்டாட்டம். சொந்தக் கட்சிக்காரர்களே இறங்கிப் போங்கள் என்கிறார்கள். டிவியில் தினமும் மாலை ஏழு மணிக்கு 'தலைவர் நீடிக்கலாமா?' என்று விவாதம். விளம்பர இடைவேளையில் மட்டும்தான் அவர் நிம்மதியாக ஆட்சி செய்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானக் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் நாற்காலி போட வந்தவர்கள். மெழுகு சார் என் மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்னம்மா இது, மைதானம் வழுக்கையா கிடக்கு?"

"வந்தது அவ்வளவுதான் சார்."

"வந்ததைப் போடறதுக்கு நீ எதுக்கு? நாலு மணிக்குள்ள முடி வளர்த்துடு."

நிரப்ப வேண்டுமென்றால் நிஜ மனிதர்கள் வேண்டும். முகத்தில் ஆவல், கண்ணில் எதிர்பார்ப்பு, எல்லாரும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். எங்கள் கணினியில் அப்படிப்பட்ட கூட்டம் ஒரே ஒரு கோப்பில்தான் இருந்தது: மனு கொடுக்கும் நாளில் அலுவலக வாசலில் எடுத்த வரிசை. வெயிலுக்காக எல்லாரும் மனுவைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தலைவரைப் பார்த்து உற்சாகமாகக் கையசைப்பது போலவே இருக்கும். வெட்டினேன், ஒட்டினேன், சிலரை இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். மூன்று அடி பின்னால் போனேன். கூட்டம்.

கிட்டே போய்ப் பார்க்கவில்லை. அதுதான் தப்பு.

திங்கட்கிழமை மாலை ஏழு மணி. வீட்டில் சித்தி, சித்தப்பா, நான் மூவரும் டிவி முன்னால். படிப்பு முடிந்ததிலிருந்து நான் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். விவாதம் நடத்துகிறவர் ஞாயிற்றுக்கிழமை படத்தைப் பெரிய திரையில் போட்டு, விரலால் இழுத்துப் பெரிதாக்கினார்.

"இந்த மஞ்சள் புடவை அம்மாவைப் பாருங்க. இங்க இருக்காங்க. இங்கயும் இருக்காங்க. மேடைக்குப் பக்கத்துல ரெண்டு பேர். மொத்தம் பதினொரு பேர்!"

சித்தி சோபாவிலிருந்து எழுந்து டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றாள்.

"ஏய், இது நான்டீ."

நான் ரிமோட்டைத் தேடினேன்.

சித்தப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "ஒருத்தியோடயே முப்பது வருஷமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். பதினொண்ணா?"

"சும்மா இருங்க. நான் எப்பங்க அந்த மைதானத்துக்குப் போனேன்? அந்த ஆள் மூஞ்சியைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். இது பஸ்ஸுக்கு மனு குடுக்கப் போனப்ப எடுத்தது." சொல்லிக்கொண்டே வந்தவள் மெல்லத் திரும்பினாள். "இது உன் வேலையா?"

"அவசரத்துல கவனிக்கல சித்தி."

"நாலு மணி நேரம் வெயில்ல நின்னேன்டீ. மனுவை வாங்கி மேஜைக்கு அடியில போட்டான். படத்தை மட்டும் பத்திரமா வெச்சிருக்கீங்களா?"

பஸ் விஷயத்தைச் சொல்ல வேண்டும். சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாய், வியாழன், சனி டயாலிசிஸ். காலை ஏழு மணிக்கு மிஷினில் படுக்காவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். வீட்டு முனையிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பும் ஒன்பதாம் நம்பர் பஸ் நேராக ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும். எட்டு மாதத்துக்கு முன்னால் அதை நிறுத்திவிட்டார்கள். அப்போதிருந்து இருவரும் மெயின் ரோடு வரை நடந்து இரண்டு பஸ் மாறிப் போகிறார்கள். சித்தப்பா பத்தடிக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிடுவார். மாதத்தில் நாலு தடவையாவது இடம் போய்விடும். அந்த நாட்களில் கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியபடி திரும்பி வருவார்.

டிவியில் விவாதம் சூடு பிடித்திருந்தது. சித்தியின் மனு பெரிதாகியது. அதிகாரிகள் கண்ணாடி போட மாட்டார்கள் என்று பட்டை மார்க்கரில் எழுதியிருந்தாள். 'ஒன்பதாம் நம்பர் காலை பஸ்' என்பது பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே இருந்த 'திரும்ப விடுங்கள்' என்பதை முன்னால் நின்றவரின் வழுக்கைத் தலை மறைத்திருந்தது.

"ஆறு பேர் கையில எழுத்து நேரா இருக்கு. அஞ்சு பேர் கையில கண்ணாடியில பார்க்கற மாதிரி இடம் வலமா மாறிக் கிடக்கு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

அரசுத் தரப்பில் உட்கார்ந்திருந்தவர் அசரவே இல்லை. "அந்த அஞ்சு பேரும் இடதுகைப் பழக்கம் உள்ளவங்க."

"எல்லாருக்கும் ஒரே முகம்?"

"நம்ம ஆட்சியில எல்லாரும் சமம்."

"அப்ப அந்தப் பேப்பர்?"

"நன்றிக் கடிதம் சார். ஒன்பதாம் நம்பர் காலை பஸ் விட்டதுக்குத் தலைவருக்கு நேர்ல நன்றி சொல்ல வந்திருக்காங்க. ஏழைங்களோட நன்றியைக் கூட கொச்சைப்படுத்தாதீங்க!"

"சரி. நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு எங்க கேமரா அந்த ஸ்டாப்புல நிக்கும். பஸ் வருதான்னு பார்த்துடுவோம்."

ஐந்தே நிமிடத்தில் மெழுகு சாரிடமிருந்து போன் வந்தது. "அந்த அம்மா யாருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார்." சித்தி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"நல்லது. தெரியாமலே இருக்கட்டும். போக்குவரத்துத் துறையில பேசிட்டேன், பஸ் வந்துடும்."

எட்டு மாதம், மூன்று மனு, நாலு மணி நேர வெயில். எதற்கும் வராத பஸ் செவ்வாய்க்கிழமை காலை ஐந்து ஐம்பத்தைந்துக்கே வந்து நின்றது. கழுவியிருந்தார்கள். கேமரா பார்க்க, சித்தப்பா படியில் கால் வைத்து ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்தார். ஆறே முக்காலுக்கே மிஷினில் படுத்துவிட்டார். சித்தி மட்டும் என் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள். என் வேலை போகக் கூடாதாம்.

புதன்கிழமையும் பஸ் வந்தது. வியாழக்கிழமையும் வந்தது. விவாதமும் தினமும் நடந்தது. பதினொரு பேரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்களா என்று ஒரு டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவரும் வந்து அரை மணி நேரம் பேசினார்.

வியாழன் மாலை, தலைவர் சபையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துவிட்டார். அதோடு விவாதம் அந்தப் பக்கம் தாவியது. கேமராக்காரர்கள் மூட்டை கட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் வரவில்லை. போக்குவரத்துக்குப் போன் செய்தேன். "எந்த பஸ்ஸும்மா?" என்று கேட்டார்கள்.

அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குத் தலைவர் நூலகம் திறந்த படம் வந்தது. தலைவர், கத்தரிக்கோல், ரிப்பன், நாலு போலீஸ்காரர்கள்.

"வழுக்கை," என்றார் மெழுகு சார். "மத்தியானத்துக்குள்ள."

சித்தியிடமிருந்து போன். "நாளைக்குச் சனிக்கிழமைடீ. உங்க சித்தப்பாவுக்கு இப்பவே கால்ல வீக்கம். செருப்பு நுழையல. பஸ் வருமா வராதா?"

"கேமரா இருந்தாத்தான் வரும் போல சித்தி."

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"கேமரா எதுக்கு வரும்?"

"உன்னை மாதிரி யாராவது படத்துல பத்துத் தடவை வந்தா வரும்."

"அப்ப என்னையே போடு."

"சித்தி, கண்டுபிடிச்சா என் சீட்டு கிழிஞ்சிடும்."

"அப்ப வேணாம் விடு. நாங்க நாலரைக்கே கிளம்பி நடந்துக்கறோம்." வைக்கப் போனவள் திரும்பவும் சொன்னாள். "போட்டா, அந்தக் கண்ணு மூடின படத்தைப் போடாத. பின்னாடி ஒண்ணு நல்லா இருக்கும் பாரு."

மனு வரிசைக் கோப்பைத் திறந்தேன். பின்னால் ஒன்று நன்றாகத்தான் இருந்தது. இந்தத் தடவை கிட்டே போய்ப் பார்த்துப் பார்த்து ஒட்டினேன். நூலக வாசலில் ஏழு சித்திகள், படிக்கட்டில் நாலு, ஜன்னலில் இரண்டு. ரிப்பனுக்குப் பக்கத்தில், தலைவரின் தோளை உரசியபடி ஒருத்தி. எல்லார் கையிலும் 'ஒன்பதாம் நம்பர் காலை பஸ்'. 'திரும்ப விடுங்கள்' என்பதை மறைக்க ஒரு போலீஸ்காரரின் தொப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். அது தெரிந்தால் பஸ் வராது.

மெழுகு சார் வந்தார். மூன்று அடி தள்ளி நின்றார். கண்ணைச் சுருக்கினார்.

"கூட்டம்," என்றார். "அனுப்பு."

மாலை ஏழு மணிக்கு விவாதம் நடத்துகிறவர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "மஞ்சள் புடவை அம்மா திரும்ப வந்துட்டாங்க! இப்ப பதினாலு பேர்!" அரசுத் தரப்புக்காரர் தண்ணீர் குடித்துவிட்டு, குடும்பம் பெருகுவது வளர்ச்சியின் அடையாளம் என்றார். என் போன் அடித்தது. மெழுகு சார். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

சனிக்கிழமை காலை நானும் அவர்களோடு ஸ்டாப்புக்குப் போனேன். இரண்டு கேமராக்கள் காத்திருந்தன. ஐந்து ஐம்பத்தைந்துக்கு ஒன்பதாம் நம்பர் பஸ் வந்தது. சித்தப்பாவை இரண்டு பக்கமும் பிடித்து ஏற்றினோம்.

டிரைவர் என்னை எட்டிப் பார்த்தார். "ஏம்மா, செவ்வாய்க்கிழமையும் டிவிக்காரங்க வருவாங்களா? தெரிஞ்சா வண்டியைக் கழுவி வெப்பேன்."

"கழுவி வெச்சுடுங்க அண்ணே," என்றாள் சித்தி, துப்பட்டாவுக்குள்ளிருந்து. அப்புறம் என்னைப் பார்த்தாள். "திங்கக்கிழமை அந்த ஆள் எங்கடீ போறாரு?"

"பாலம் திறக்கறாரு சித்தி."

"நான் வேணா வேற புடவை கட்டிட்டு வந்து ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?"

கைப்பையில் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பஸ் கிளம்பியது.